சூனியத் தீவு என்று பெயர் வாங்கிய சிகிஹோருக்குப் போவது எப்படி?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிலிப்பைன்ஸின் செபு நகரில் மருத்துவம் படிக்கிறார். ஈஸ்டருக்கு முந்தின புனித வார விடுமுறையில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து சிகிஹோர் தீவுக்குப் போகிறார்களாம். அது சூனியக்காரர்கள் தீவு, பேய் நடமாடுகிற இடம், யார் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்காதே, யாரையும் தோளைத் தொட விடாதே, தொட்டால் உடனே திருப்பித் தொட்டுவிடு என்று கூடப் படிக்கிற பிலிப்பினோ நண்பர்களே பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். இதற்கு நடுவில் யூடியூபுக்கு ஒரு வீடியோவும் எடுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் மனம் நோகாமல் போய்வருவது எப்படி என்று கேள்வி முடிகிறது. நிதானமாகப் படித்தால் உள்ளே இரண்டு கேள்வி இருக்கிறது. அங்கே போனால் எனக்கு ஏதாவது ஆகுமா என்பது முதலாவது, நான் போவதால் அவர்களுக்கு ஏதாவது ஆகுமா என்பது இரண்டாவது. முதலாவதுக்குச் சின்ன பதில் போதும்.

நான் மருத்துவ மானுடவியல் படித்தவன். டுமகெட்டே நகரத்தில் தங்கி, அந்தப் பக்கத்து ஜனங்கள் எந்த நோய்க்கு டாக்டரிடம் போகிறார்கள், எதற்கு நாட்டு வைத்தியரிடம் போகிறார்கள், யாரைக் கேட்டு முடிவு செய்கிறார்கள் என்று பல வருடம் குறிப்பெடுத்திருக்கிறேன். அங்கிருந்து சிகிஹோர் படகில் சுமார் ஒரு மணி நேரம். அதனால் இனி சொல்லப்போவது பேய் ஆராய்ச்சி இல்லை, அந்த ஊர் ஆட்களைப் பற்றியது. பேய் இருக்கிறதா என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாது. சிகிஹோரில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஜனம், ஆறு ஊர்கள், தீவைச் சுற்றி ஒரே வட்டச் சாலை. பள்ளிக்கூடம், சந்தை, சேவல் சண்டை, கரோக்கே எல்லாம் நடுப் பிலிப்பைன்ஸின் மற்ற விசயாஸ் தீவுகளில் இருக்கிற மாதிரியேதான். அங்கே வெளியூர்க்காரர்களை நிஜமாகப் படுக்கவைப்பது வாடகை ஸ்கூட்டர். ஹெல்மெட் இல்லாமல், ஓட்டிப் பழக்கமும் இல்லாமல், மலை இறக்கத்து வளைவில் சறுக்கி முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறார்கள். அப்புறம் நாய்க்கடி. மருத்துவம் படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்கும், பிலிப்பைன்ஸில் ரேபிஸ் இன்னும் ஆட்களைக் கொல்கிற நோய். கடிபட்ட இடத்தில் கொம்புத் துண்டை வைத்து விஷத்தை உறிஞ்சுவதாகச் சொல்கிற 'தண்டோக்' வைத்தியர்களும் நாட்டில் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் மரியாதை, பண்பாடு என்று எதையும் யோசிக்க வேண்டாம். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு நேராகத் தடுப்பூசி போடுகிற இடத்துக்குப் போய்விடுங்கள்.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இதில் உறுதியானது எது, கதை எது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீடியோவுக்கும் உதவும். ஸ்பானியர்கள் இந்தத் தீவை 'இஸ்லா டெல் ஃபுவேகோ', நெருப்புத் தீவு, என்று கூப்பிட்டதாகச் சொல்வார்கள். மோலாவே மரங்களில் லட்சக்கணக்கான மின்மினிகள் மொய்த்திருக்க, ராத்திரியில் கப்பலில் இருந்து பார்த்தவர்களுக்குத் தீவே எரிகிற மாதிரி இருந்ததாம். அழகான கதை, எல்லாச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்கும். கதையாகவே சொல்லுங்கள், வரலாறு என்று சொல்லாதீர்கள். நிச்சயமாகத் தெரிந்த விஷயம் வேறு. 1589-இல் ஹுவான் டி பிளசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி, உள்ளூர்ப் பூசாரிகள், நோய் தீர்ப்பதாகச் சொல்கிறவர்கள், சூனியக்காரர்கள், மனிதக்கறி தின்னும் அஸ்வாங் எல்லாரையும் பிசாசின் ஊழியர்கள் என்று ஒரே பட்டியலில் போட்டு எழுதினார். அதில் அஸ்வாங் பற்றிச் சொல்கிறபோது, இது விசயாஸ் தீவுகளில் உள்ளது, தகாலர்களிடம் (மணிலாப் பக்கத்து ஜனங்களிடம்) இல்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். பார்த்தீர்களா, அப்போதே அது அடுத்த தீவுக்காரனுடைய சமாச்சாரமாகிவிட்டது. மணிலாக்காரர்கள் விசயாஸைக் காட்டுவார்கள், விசயாஸில் கேட்டால் காபிஸ் மாகாணம் என்பார்கள், சிகிஹோர் என்பார்கள், சிகிஹோரில் கேட்டால் மலைக்கு மேலே இருக்கிற ஒரு கிராமத்தைக் காட்டுவார்கள், அந்தக் கிராமத்துக்கே போய்க் கேட்டால் அதெல்லாம் எங்கள் தாத்தா காலத்தோடு போயிற்று என்பார்கள். நான் போன இடமெல்லாம் இப்படித்தான்.

இந்தப் பழி கடைசியில் ஏதாவது ஒரு ஆளின் தலையில்தான் வந்து விழுகிறது, அதனால்தான் இதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்வதில்லை. பனாய் தீவின் காபிஸ் மாகாணத்துக்கும் இதே அஸ்வாங் பெயர் உண்டு. அந்தத் தீவில் தாய்வழியாக வருகிற ஒரு பரம்பரை நரம்பு நோய் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோம் சார்ந்தது, அதனால் பெரும்பாலும் ஆண்களைத்தான் பிடிக்கும். நடுவயதில் ஆரம்பித்து, கழுத்து திருகி, தாடை இழுத்து, நாக்கு தானாக வெளியே தள்ளும். ஊரில் 'லுபாக்' என்பார்கள். மருத்துவ உலகம் இதைத் தனி நோயாகப் பதிவு செய்ததே 1970களில்தான். அஸ்வாங் கதைக்கு மூலம் இந்த நோய்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நிரூபிக்க வழியில்லை, அஸ்வாங் கதை அந்த நோயே இல்லாத இடங்களிலும் இருக்கிறது. ஆனால் அப்படி முகம் கோணி நடந்துபோகிற ஒருவரை, ஏற்கனவே பேய்க்கதை கேட்டுப் பழகின கூட்டம் எப்படிப் பார்த்திருக்கும் என்று யோசியுங்கள். வெளியாட்களும் இந்தப் பயத்தை நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். 1950களின் தொடக்கத்தில் 'ஹுக்' எனப்பட்ட கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காரர்களை ஒரு குன்றிலிருந்து கிளப்ப, பிடிபட்ட ஒருவனின் கழுத்தில் அஸ்வாங் கடித்த மாதிரி இரண்டு துளை போட்டு ரத்தத்தை வடியவிட்டு, பிணத்தை அவர்கள் வருகிற பாதையில் போட்டதாக அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் பிற்பாடு தானே எழுதினார்.

இனி இரண்டாவது கேள்வி. சிகிஹோரில் நீங்கள் பார்க்கப் போகிறவர்கள் 'மனனம்பால்' எனப்படும் வைத்தியர்கள். அநேகமாக வயதானவர்கள், அதிலும் பெண்கள் நிறைய. சூனியம் வைப்பவருக்கு 'பராங்கன்' என்று வேறு பெயர் இருக்கிறது, பூச்சிகளை ஏவி உடம்புக்குள் விடுவதாக நம்புவார்கள். ஒரே ஆள் இரண்டும் தெரிந்தவராக இருக்கலாம் என்ற சந்தேகம் ஊருக்குள்ளேயே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சந்தேகம் அவர்கள் ஊர் விவகாரம். நிலத்தகராறு, கடன், கல்யாணப் பேச்சு முறிந்தது என்று பழைய கணக்குகள் எத்தனையோ அதில் ஒளிந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்து இறங்கி, கேமராவை நீட்டி, "நீங்கள் சூனியம் வைப்பீர்களா பாட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர்கள் காதுபட அந்த அம்மாவைக் கொலைகாரியா என்று கேட்பதற்குச் சமம். அவர் சிரித்துத்தான் பதில் சொல்வார். அந்தச் சிரிப்பை ரொம்ப நம்பாதீர்கள். கேட்பவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அந்தப் பக்கத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.

அவர்கள் செய்வதில் அதிகம் பேசப்படுவது 'போலோ-போலோ'. ஒரு கண்ணாடித் தம்ளரில் சுத்தமான தண்ணீர், அதற்குள் ஒரு கறுப்புக் கல், ஒரு குழாய். முன்பெல்லாம் மூங்கில், இப்போது ஸ்ட்ரா மாதிரி ஏதாவது. தம்ளரை உங்கள் உடம்பின் மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே அந்த அம்மா குழாயில் ஊதுவார், தண்ணீர் குமிழி விடும். வலி இருக்கிற இடத்துக்கு வந்ததும் தண்ணீர் கலங்கிப் பழுப்பாகும், சில சமயம் அழுக்கு மாதிரி ஏதோ மிதக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுவார், தெளிந்த தண்ணீர் தெளிவாகவே நிற்கும்வரை திரும்பத் திரும்ப. நடுவில் லத்தீன் ஜெபம் மாதிரி ஏதோ முணுமுணுப்பு, சுவரில் சான்டோ நீனோ என்கிற குழந்தை இயேசு படம். இவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர்கள், தங்கள் கைக்கு வந்தது கடவுள் கொடுத்த வரம் என்றே சொல்வார்கள். பேய் வழிபாடு என்று யாராவது வீடியோவில் சொல்லக் கேட்டால் அவர்களுக்கு மனசு எவ்வளவு புண்படும் என்று இதிலிருந்தே தெரியும்.

தண்ணீர் எப்படிக் கலங்குகிறது என்று கண்டிப்பாகக் கேட்பீர்கள், மருத்துவ மாணவர் இல்லையா. கலங்கும் தண்ணீரில் வியாதி வெளியே வருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது, அதைத் தயங்காமல் சொல்வேன். கட்டியோ காசநோயோ இதனால் தீராது, யாருடைய மாத்திரையையும் இதற்காக நிறுத்தக்கூடாது. அதே சமயம், அரை மணி நேரம் ஒருவர் உங்கள் உடம்பின் மேல் மட்டுமே கவனம் வைத்து, எங்கே வலிக்கிறது, வீட்டில் யாரோடு சண்டை, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று விசாரிக்கிறார். ஆட்கள் ஏன் திரும்ப வருகிறார்கள் என்பது எனக்கு மர்மமாகத் தோன்றவில்லை. தம்ளரைப் பிடுங்கி அடியில் எதை ஒட்டியிருக்கிறார் என்று பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். நான் இருந்த ஒரு வீட்டில் ஒரு பயணி அப்படிச் செய்தார், அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே பெஞ்சில் காய்ச்சல் குழந்தையோடு காத்திருந்த உள்ளூர்க்காரர்தான் அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினார்.

மூலிகைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் நல்லபடியாகவே சொல்லலாம். அவர்கள் பயன்படுத்துகிற செடிகளில் 'லகுண்டி' என்பது நம் நொச்சிதான். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை அங்கீகரித்த பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று, இருமலுக்கு சிரப்பாக மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பாரம்பரிய மருத்துவத்துக்கென்று அந்த நாட்டில் 1997-இல் தனிச் சட்டமே வந்தது. ஆக எல்லாமே மூடநம்பிக்கை என்று ஒரே போடாகப் போடவும் முடியாது. ஆனால் கடைகளில் சின்ன சீசாவில் விற்கிற 'லுமாய்' என்ற வசிய மருந்து வேறு ரகம். சீசாவை வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே இருப்பதைக் குடிக்க வேண்டாம், இன்னொருவர் குடிக்கிறதில் கலப்பது விளையாட்டுக்குக்கூட வேண்டவே வேண்டாம்.

நடந்துகொள்ளும் முறை என்று பார்த்தால் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. வீட்டு வேலிக்கு வெளியே நின்று "ஆயோ!" என்று குரல் கொடுங்கள், உள்ளிருந்து பதில் வந்த பிறகு போங்கள். வயதில் மூத்த பெண்ணை 'நாங்' என்றும் ஆணை 'நோங்' என்றும் கூப்பிடலாம், ரொம்ப வயதானவர்கள் லோலா (பாட்டி), லோலோ (தாத்தா). சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உங்களையும் வாருங்கள் என்று கூப்பிடுவார்கள், அது பாதி உபசாரம், சிரித்து நன்றி சொன்னால் போதும். ஆனால் தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் ஒரு வாயாவது சாப்பிடுங்கள். கறி சாப்பிடாதவர் என்றால் அதை நேராகச் சொல்லிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். சாப்பிடாதே, தொட விடாதே என்று உங்கள் நண்பர்கள் சொன்னது இருக்கிறதே, அதைச் சிகிஹோர்க்காரர்கள் எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். சந்தையில் மாம்பழம் விற்கிற ஒரு பாட்டி மீதிச் சில்லறை கொடுக்கக் கையைப் பிடித்ததும் ஒரு பெண் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, பாட்டியின் தோளைத் திருப்பித் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். பாட்டிக்கு அது எதற்கென்று நன்றாகத் தெரியும். அடுத்த ஆளுக்குச் சில்லறையைப் பழக்கூடையின் மேல் வைத்துவிட்டார்.

வைத்தியர்கள் அநேகமாகக் கட்டணம் சொல்ல மாட்டார்கள், உங்கள் விருப்பம் என்பார்கள். வரத்துக்கு விலை வைத்தால் வரம் போய்விடும் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. இதைச் சாக்காக வைத்துச் சில்லறையை நீட்டாதீர்கள். அழைத்துப் போகிற டிரைசிக்கிள்காரரிடம் தனியாகக் கேட்டால், வழக்கமாக என்ன கொடுப்பார்கள் என்று சொல்லிவிடுவார். பணத்தைக் கையில் திணிக்காமல் மேசையிலோ படத்தின் கீழோ வைப்பது நல்லது.

வீடியோ எடுப்பதற்கு மட்டும் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். முதலில் உட்கார்ந்து பேசுங்கள், போனை வெளியே எடுக்காமல். பிறகு அனுமதி கேளுங்கள், எங்கே போடப் போகிறீர்கள், என்ன தலைப்பு என்பதையும் சேர்த்து. தலைப்பைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தத் தலைப்பு வேண்டாம். உங்களுக்கு முன்னால் வந்த நோயாளிகளின் முகம் படத்தில் வரவே கூடாது, உங்கள் கல்லூரி ஆஸ்பத்திரி வார்டுக்குள் ஒரு யூடியூபர் நுழைந்தால் நீங்கள் என்ன சொல்வீர்களோ அதேதான். இன்னொன்று, பிலிப்பைன்ஸில் இணையத்தில் அவதூறு செய்வது 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பெயரும் முகமும் காட்டி ஒருவரை சூனியக்காரி என்று சொல்கிற வீடியோ, அங்கே படிக்கிற வெளிநாட்டு மாணவருக்குத் தேவையில்லாத தலைவலி.

லாஸி என்ற ஊரில் இருக்கிற பழைய பலேத்தே மரத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பீர்கள். நம் ஆல், அத்தி குடும்பத்தைச் சேர்ந்த மரம், அடியில் ஊற்றுத்தண்ணீர்க் குளம், காலை விட்டால் மீன் வந்து கடிக்கும். நானூறு வயது என்கிறார்கள், அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், வேறு மரத்தைச் சுற்றிப் பின்னி வளர்கிற இந்த ஜாதிக்கு வளையம் எண்ணி வயது சொல்ல முடியாது. இது ஏற்கனவே சுற்றுலா இடமாகிவிட்டது, அதனால் படம் எடுப்பதில் தயக்கம் வேண்டாம். காட்டுப்பக்கம் தனியாக நிற்கிற பலேத்தே மரங்களிடம்தான் கவனம். கண்ணுக்குத் தெரியாதவர்கள் அங்கே குடியிருப்பதாக நம்பிக்கை. தாண்டிப் போகும்போது ஊர்க்காரர்கள் "தாபி" என்று மெல்லச் சொல்வார்கள், வழிவிடுங்கள் என்கிற மாதிரி. நீங்களும் சொல்லலாம், நம்பித்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. மரத்தை நோக்கி விரல் நீட்டுவது, கத்துவது, அடியில் சிறுநீர் கழிப்பது இதெல்லாம் கூடாது. குகையிலோ கல்லறைப் பக்கமோ கிடக்கிற எலும்பு, ஓடு, கல் எதையும் ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள்.

எல்லாப் பேய்த்தீவுக்கும் இதே விதி பொருந்துமா என்று நீங்கள் கேட்கலாம். பாதி பொருந்தும். உதாரணத்துக்கு வெனிஸ் பக்கத்துப் போவேக்லியா தீவில் யாரும் குடியில்லை, இறங்கவும் பல வருடம் பொதுமக்களுக்கு அனுமதியில்லாமல் இருந்தது, அங்கே மரியாதை என்பது அனுமதியில்லாமல் போகாமல் இருப்பதுதான். லட்சக்கணக்கான பிளேக் பிணம் என்று அதைப் பற்றிச் சொல்வதும் பெரும்பாலும் விலாசம் மாறின கதை. வெனிஸின் பெரிய பிளேக் தீவுகள் 1423-இல் தொடங்கிய லஸ்ஸரெட்டோ வெக்கியோவும் 1468-இல் வந்த லஸ்ஸரெட்டோ நுவோவோவும். போவேக்லியா கப்பல்களைத் தடுத்து வைக்கும் இடமானதே 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். 2014-இல் இத்தாலிய அரசு அதை 99 வருடக் குத்தகைக்கு ஏலம் விட்டபோது, தனியாருக்குப் போகக்கூடாது என்று வெனிஸ்காரர்கள் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். பேய் சேனல்கள் கத்திக்கொண்டிருந்த அதே இடத்தில் அவர்கள் ஒரு பூங்காவைக் கேட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற நாட்களைப் பற்றி. புனித வாரம்தான் சிகிஹோரின் உச்சம். தவக்காலத்தின் ஏழு வெள்ளிக்கிழமைகளில் வைத்தியர்கள் பட்டை, வேர், இலை என்று சேர்த்து வைத்து, புனித சனிக்கிழமையன்று மலைமேல் சான் அந்தோனியோ, பண்டிலாவான் பக்கம் கூடிப் பெரிய கொப்பரையில் காய்ச்சுவார்கள், மற்ற தீவுகளிலிருந்தும் வைத்தியர்கள் வருவார்கள். இது பார்வையாளர்களுக்குத் திறந்த நிகழ்ச்சி, கேமராக்களும் நிறைய இருக்கும். ஆனால் முந்தின நாள் பெரிய வெள்ளி, ஊரே துக்கத்தில் இருக்கும், ஊர்வலம் போகும். அன்றைக்கு ஸ்பீக்கர் பாட்டு, கடற்கரைக் கூத்து இரண்டையும் தள்ளிப்போடுங்கள். அந்த வாரம் நாடு முழுக்க ஊருக்குத் திரும்புகிற கூட்டம் வேறு, டுமகெட்டேயில் படகுக்கு வரிசை நீளும். அதனால் புதன்கிழமைக்குள் தீவில் இறங்கிவிடுகிற மாதிரி டிக்கெட் எடுங்கள், அறையை இப்போதே சொல்லிவையுங்கள், பண நோட்டைச் சில்லறையாக மாற்றி எடுத்துப் போங்கள், மலையில் யாரும் ஆயிரம் பெசோவுக்கு மீதி தர மாட்டார்கள்.